கிளாக்கோமா உள்ளவர்களின் கண் அழுத்தம் ஒரே நாளில் ஏறி இறங்குவது ஏன்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளாக்கோமா என்பது பார்வை நரம்பு மெல்ல மெல்லச் சிதைந்து பார்வை குறையும் கண் நோய். அதைக் கவனிக்கக் கண் அழுத்தத்தை அளப்பது என் அன்றாட வேலை. அளந்து முடித்து எண்ணைச் சொன்னதும், போன முறை குறைவாக இருந்ததே, இப்போது ஏன் கூடிவிட்டது என்ற கேள்விதான் பெரும்பாலும் முதலில் வரும். அந்தக் கேள்விக்கும் அதைத் தொட்டு எழும் மற்றக் கேள்விகளுக்கும் நாற்காலியில் அமர்ந்திருக்கும் சில நிமிடங்களில் முழுமையாகப் பதில் சொல்ல முடிவதில்லை என்பதால் இங்கே விரிவாக எழுதியிருக்கிறேன்.

கண் அழுத்தம் என்றால் என்ன? அது ரத்த அழுத்தத்தோடு சேர்ந்ததா?

கருவிழிக்கும் (கண்ணின் முன்புறத்தை மூடியிருக்கும் ஒளிபுகும் படலம்) லென்ஸுக்கும் இடைப்பட்ட முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று இடைவிடாமல் சுரந்து வடிந்துகொண்டிருக்கிறது. இது கன்னத்தில் வழியும் கண்ணீர் அல்ல. கண்ணுக்குள்ளேயே சுரந்து, கருவிழியின் ஓரத்தில் உள்ள வலைபோன்ற வடிகால் வழியாக வெளியேறி, கண்ணின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய சிரைகளில் கலந்துவிடும் நீர். பகல் வேளையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 முதல் 3 மைக்ரோலிட்டர் சுரக்கிறது. முன்பகுதியின் மொத்தக் கொள்ளளவு சுமார் 250 மைக்ரோலிட்டர்தான் என்பதால், ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அங்குள்ள நீர் முழுவதும் மாறிவிடுகிறது என்று கணக்கிடலாம். சுரப்புக்கும் வடிதலுக்கும் இடையே உள்ள இந்தச் சமநிலைதான் கண் அழுத்தமாக வெளிப்படுகிறது. அதை மில்லிமீட்டர் பாதரசம் என்ற அலகில் சொல்கிறோம். 10 முதல் 21 வரை வழக்கமான வரம்பு என்று கருதப்படுகிறது.

ரத்த அழுத்தம் வேறு, கண் அழுத்தம் வேறு. ரத்த அழுத்தம் நன்றாக ஏறினால் கண் அழுத்தமும் சிறிதளவு ஏறக்கூடும். ஆனால் ஒன்றைப் பார்த்து மற்றொன்றை ஊகிக்க முடியாது.

ஒரே நாளில் எவ்வளவு மாறினால் இயல்பு?

கிளாக்கோமா இல்லாத கண்ணிலும் நாளுக்குள் 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை ஏறி இறங்குவது உண்டு. சிகிச்சை தொடங்காத கிளாக்கோமா கண்ணில் அந்த வித்தியாசம் 10-ஐத் தாண்டுவதும் அரிதல்ல. காரணத்தைப் புரிந்துகொள்வது கடினமில்லை. வடிகால் நன்றாக இருக்கும் கண்ணில் சுரப்பு சற்றுக் கூடினாலும் அது உடனே வடிந்துவிடும். வடிகால் அடைபட்டுப்போன கண்ணில் அதே சிறிய கூடுதல் தேங்கி நின்று அழுத்தமாக மாறிவிடுகிறது. வடிகாலில் வெண்துகள் படியும் சிதைதுகள் வகைக் கிளாக்கோமாவில் இந்த ஏற்றத்தாழ்வு மற்ற வகைகளைவிடப் பெரியதாக இருப்பது வழக்கம். அத்தகையவர்களுக்கு ஒரு தடவை எடுத்த அளவை மட்டும் வைத்து நாங்கள் திருப்தி அடைவதில்லை.

காலையில் 16, மாலையில் 21 என்று காட்டியது. இரண்டில் எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். இதை நான் நாள்தோறும் கண்ணால் பார்க்கிறேன். கோல்ட்மான் டோனோமீட்டர் என்பது சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஹான்ஸ் கோல்ட்மான் 1950-களில் வடிவமைத்த, கண் அழுத்தத்தை அளக்கும் கருவி. இன்றும் மற்றக் கருவிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல் அதுதான். மரத்துப்போகும் சொட்டும் மஞ்சள் சாயமும் இட்ட பிறகு, ஒரு சிறிய முனையைக் கருவிழியின் மேல் மெல்ல வைத்து, 3.06 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டம் தட்டையாவதற்கு எவ்வளவு விசை வேண்டியிருக்கிறது என்று பார்க்கிறோம். நீல ஒளியில் அளப்பவரின் கண்ணுக்குத் தெரிவது பச்சை நிறத்தில் இரண்டு அரைவட்டங்கள். அவற்றின் உள்விளிம்புகள் ஒன்றையொன்று தொடும்வரை திருகைச் சுழற்ற வேண்டும். தொட்டதும் அவை அசையாமல் நிற்பதில்லை. அமர்ந்திருப்பவரின் இதயத் துடிப்புக்கு ஏற்ப ஒன்றை நோக்கி ஒன்று நகர்வதும் விலகுவதுமாகத் துடித்துக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்பின் நடுப்புள்ளியை எடுத்துத்தான் எண்ணைச் சொல்கிறோம். ஒரு நொடிக்குள்ளேயே அசையும் ஒன்று காலைக்கும் மாலைக்கும் இடையே 5 மில்லிமீட்டர் மாறியிருப்பது வியப்புக்குரியதல்ல.

அளக்கும்போது ஏற்படும் பிழையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொள்வது, இமையை இறுக்குவது, கழுத்துப் பட்டன் இறுக்கமாக இருக்கும் நிலையில் முன்னால் எட்டிச் சாய்வது ஆகியவை எண்ணைச் செயற்கையாக ஏற்றிவிடும். தாடையைக் கருவியில் வைத்ததும் மூச்சை இயல்பாக விடுங்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகவே. எதிர்பாராத அளவு வந்தால் சற்று ஓய்வு கொடுத்து மறுபடி அளக்கச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

நாளின் எந்த நேரத்தில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும்?

மருத்துவமனை நேரத்துக்குள், உட்கார்ந்த நிலையில் மட்டும் அளந்த காலத்தில், காலையில் உச்சம், மாலையில் இறக்கம் என்பது பொதுவான முடிவாக இருந்தது. பலருக்கு அது இன்றும் பொருந்தும். ஆனால் 1990-களின் இறுதியிலிருந்து அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில், தன்னார்வலர்களை உறக்க ஆய்வகத்தில் தங்கவைத்து, இரவில் படுத்த நிலையிலும் பகலில் உட்கார்ந்த நிலையிலும் 24 மணி நேரமும் அளந்தபோது வேறொரு படம் கிடைத்தது. பெரும்பாலானவர்களுக்கு அழுத்தம் மிகுந்திருந்தது இரவில், படுத்திருந்த வேளையில்தான். அதாவது, யாரும் டோனோமீட்டரோடு அருகில் இல்லாத நேரத்தில்.

இத்தனைக்கும் இரவில் கண்ணின் நீர்ச் சுரப்பு பகலில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. சுரப்பு குறைந்தும் அழுத்தம் ஏறுகிறதென்றால், அதற்கு முதன்மைக் காரணம் படுத்திருப்பதே.

படுத்தால் ஏன் ஏறுகிறது? உயரமான தலையணை வைக்கலாமா?

நிற்கும்போதும் உட்காரும்போதும் கண், இதயத்தைவிட உயரத்தில் இருக்கிறது. அதனால் கண்ணிலிருந்து ரத்தம் சிரைகள் வழியே எளிதாகக் கீழிறங்குகிறது. படுத்ததும் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்து சிரைகளில் அழுத்தம் கூடுகிறது. கண்ணின் நீர் கடைசியில் வடிந்து சேரும் இடம் அந்தச் சிரைகள்தானே. அங்கே அழுத்தம் கூடினால் கண்ணுக்குள்ளும் கூடியாக வேண்டும். உட்கார்ந்திருந்தவர் படுத்த சில நிமிடங்களிலேயே சில மில்லிமீட்டர் ஏறிவிடுவதைக் காணலாம்.

கட்டிலின் தலைப்பக்கத்தை 20 முதல் 30 பாகை உயர்த்திப் படுத்தால் இந்த ஏற்றம் சிலருக்குக் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. எல்லாருக்கும் ஒரே அளவு பயன் கிடைப்பதில்லை. தலையணைகளை அடுக்கிக் கழுத்தை மட்டும் மடக்குவது கழுத்துச் சிரையை நெரிக்கக்கூடும் என்பதால், உயர்த்துவதானால் தோள்பட்டையிலிருந்தே மேல்உடல் முழுவதையும் உயர்த்துவதுதான் முறை. ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குக் கீழே இருக்கும் கண்ணில் அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருக்கும். எந்தக் கண்ணில் பாதிப்பு அதிகமோ அந்தக் கண் தலையணையில் அமுங்காதபடி படுப்பது செலவில்லாத முன்னெச்சரிக்கை.

இந்த ஏற்ற இறக்கம்தான் பார்வை நரம்பைக் கெடுக்கிறதா?

இதில் கண் மருத்துவ உலகம் இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளிகள் வீட்டிலேயே நாளுக்கு ஐந்து முறை, ஐந்து நாள்கள் தங்கள் அழுத்தத்தை அளந்தார்கள். மருத்துவமனையில் எடுத்த அளவு இயல்பாக இருந்தவர்களிலும், நாளுக்குள் பெரிய வித்தியாசம் காட்டியவர்களுக்குப் பின்னாளில் பார்வைப் புலம், அதாவது கண்ணை அசைக்காமல் பார்க்க முடிகிற பரப்பு, கூடுதலாகக் குறைந்தது. வருகைக்கு வருகை அளவு மாறுபடுவதும் கெடுதல் என்று வேறொரு பெரிய ஆய்வின் பதிவுகளைப் பகுத்தவர்கள் சொன்னார்கள். மறுபக்கத்தில், தொடக்கநிலைக் கிளாக்கோமாவைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஸ்வீடன் ஆய்வின் தரவுகளில், சராசரி அழுத்தம்தான் முக்கியம், ஏற்றத்தாழ்வு தனியொரு காரணமாகத் தெரியவில்லை என்ற முடிவு வந்தது. சராசரி அழுத்தம் 1 மில்லிமீட்டர் குறைந்தால்கூட நோய் முற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 10 சதவீதம் குறைகிறது என்று காட்டியதும் அதே ஆய்வுதான்.

என்னுடைய கணிப்பு இது. சராசரி கூடுதலாக உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் ஏற்றத்தாழ்வும் கூடுதலாகவே இருப்பதால், இரண்டையும் பிரித்து எடைபோடுவது கடினம். நடைமுறையில் அப்படிப் பிரிக்க வேண்டிய தேவையும் குறைவு. சராசரி நன்றாகக் கட்டுப்பட்டிருந்தும் பார்வை தொடர்ந்து குறைந்துவரும் ஒருவருக்குத்தான் மறைந்திருக்கும் உச்சத்தைத் தேடிப் போக வேண்டும். அத்தகையவரிடம் உங்கள் அளவு நன்றாகவே இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுவது பெரிய தவறு.

எனக்கு எப்போது அளந்தாலும் 21-க்குள்தான் வருகிறது. ஆனாலும் பார்வைப் புலம் குறைகிறது என்கிறார்கள். எப்படி?

மூன்று வழிகளில் இது நிகழலாம்.

முதலாவது, நீங்கள் எப்போதும் ஒரே நேரத்தில் மருத்துவமனைக்குப் போவது. ஒவ்வொரு முறையும் முற்பகல் 11 மணிக்கு அளக்கப்படுபவருக்கு, விடியற்காலையில் 25 வரை ஏறி இறங்கும் அழுத்தம் ஒருபோதும் பதிவாகாமல் போகலாம். அடுத்த வருகையை வேறொரு வேளைக்கு மாற்றிக்கொள்வதே இதற்கு முதல் பரிகாரம்.

இரண்டாவது, கருவிழியின் தடிமன். சராசரித் தடிமன் ஏறத்தாழ 540 மைக்ரான். அதைவிட மெல்லிய கருவிழி எளிதில் தட்டையாகிவிடுவதால் கருவி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். தடித்த கருவிழியில் கூட்டிக் காட்டும். இந்தத் தடிமனை ஒருமுறையேனும் அளந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, அழுத்தம் உண்மையிலேயே இயல்பு வரம்புக்குள் இருந்தும் நரம்பு சிதைவது. இதற்கு இயல்பழுத்தக் கிளாக்கோமா என்று பெயர். இதிலும் அழுத்தத்தை இருக்கும் நிலையிலிருந்து 30 சதவீதம் குறைத்தால் சிதைவு மந்தமாகிறது என்பது 1998-இல் வெளியான ஆய்வு முடிவு. இங்கே இரவு ரத்த அழுத்தமும் கவனத்துக்கு வருகிறது. தூக்கத்தில் ரத்த அழுத்தம் இயல்பாகவே இறங்கும், அதே நேரத்தில் கண் அழுத்தம் ஏறும்; நரம்புக்கு ரத்தத்தைத் தள்ளும் விசை இரு பக்கமிருந்தும் குறைகிறது. ரத்த அழுத்த மாத்திரையை இரவில் சாப்பிடுபவர்கள் அதைக் கண் மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். மாத்திரையின் நேரத்தையோ அளவையோ தாமாக மாற்றிக்கொள்ளக் கூடாது; இரு மருத்துவர்களும் கலந்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது.

நாள் முழுவதுக்குமான அழுத்தத்தை எப்படி அறிவது?

எளிய முறை, ஒரே நாளில் காலையிலிருந்து மாலைவரை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து வரைகோடாகக் குறிப்பது. இரவையும் சேர்த்து அளக்க மருத்துவமனையில் தங்க வேண்டியிருக்கும் என்பதால் அது எல்லாருக்கும் செய்யப்படுவதில்லை. தண்ணீர் குடிக்கும் சோதனை என்று ஒன்றும் உண்டு. சில நிமிடங்களில் ஒரு லிட்டர் வரை தண்ணீர் குடிக்கவைத்து, பிறகு 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் வரை அளப்பார்கள். கண்ணின் வடிகால் திடீர்ச் சுமையை எப்படிச் சமாளிக்கிறது என்பதை வைத்து உச்சத்தை ஓரளவு மதிப்பிடலாம். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது உகந்ததல்ல. யாரும் இதை வீட்டில் தாமாகச் செய்துபார்க்கவும் கூடாது.

அமெரிக்காவில் 2016-இல் ஒப்புதல் பெற்ற ஒரு கான்டாக்ட் லென்ஸ், 24 மணி நேரமும் கருவிழி வளைவில் ஏற்படும் நுண்ணிய மாற்றங்களைப் பதிவு செய்கிறது. ஏற்றம் எப்போது, இறக்கம் எப்போது என்பதை அது காட்டும். மில்லிமீட்டர் பாதரச அளவில் எண்ணாகச் சொல்லாது.

வீட்டிலேயே அளக்கும் கருவி வாங்கலாமா?

ஐகேர் ஹோம் போன்ற கருவிகள், மிக இலேசான ஒரு சிறு குச்சிமுனையைக் கருவிழியில் பட்டுத் திரும்பவைத்து, அது திரும்பும் வேகத்திலிருந்து அழுத்தத்தைக் கணக்கிடுகின்றன. மரத்துப்போகும் மருந்து தேவையில்லை. படுவதே பலருக்குத் தெரியாது. காலை எழுந்தவுடன் கிடைக்கும் அளவு சில நோயாளிகளின் சிகிச்சையையே மாற்றியிருக்கிறது. ஆனால் கருவியைச் சரியான தூரத்திலும் கோணத்திலும் பிடிக்கக் கற்க வேண்டும். கைநடுக்கம் உள்ளவர்களுக்கும் மையப் பார்வை குறைந்தவர்களுக்கும் அது எளிதல்ல. சொந்தமாக வாங்குவதற்கு முன், மருத்துவமனையில் ஒரு வாரத்துக்கு இரவலாகவோ வாடகைக்கோ தருகிறார்களா என்று கேட்டுப்பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து பதற்றப்படுவதில் பயனில்லை. எழுந்தவுடன், நண்பகலில், மாலையில், படுக்கும் முன் என நாளுக்கு நான்கு முறை, சில நாள்கள் அளந்தாலே வடிவம் தெரிந்துவிடும்.

நான் போடும் சொட்டு மருந்து இரவிலும் வேலை செய்கிறதா?

மருந்துக்கு மருந்து மாறும். லட்டனோபுரோஸ்ட் போன்ற புரோஸ்டாகிளான்டின் வகைச் சொட்டுகள் நீர் வடியும் வழியைத் திறந்துவிடுபவை. போட்ட 8 முதல் 12 மணி நேரத்தில் முழு வீச்சை எட்டி, பகலிலும் இரவிலும் அழுத்தத்தைக் குறைக்கின்றன. நாளுக்கு ஒருமுறை போதும். நன்மை கூடும் என்று எண்ணி இருமுறை போட்டால் பலன் குறையவும் கூடும். டிமோலால் நீர்ச் சுரப்பைக் குறைக்கும் மருந்து. தூக்கத்தில் சுரப்பு ஏற்கனவே தணிந்திருப்பதால் அப்போது அதற்குப் பெரிதாக வேலை இல்லை. அதனோடு, இரவு ரத்த அழுத்தத்தை மேலும் இறக்கவும் கூடும். பிரிமோனிடினும் இரவில் அதிகம் உதவுவதில்லை. டார்சோலமைடு, பிரின்சோலமைடு ஆகியவை இரவிலும் பயன்தருபவை. லேசர் சிகிச்சையும் அறுவை சிகிச்சையும் வடிகாலையே சீராக்குவதால் 24 மணி நேரமும் பயன் நீடிக்கிறது. வடிகால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரைகோடு ஏறக்குறைய சமதளமாகிவிடுவதை நான் பல கண்களில் பார்த்திருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை நிறுத்திவிட வேண்டாம். உங்கள் மருந்து ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று மருத்துவரிடம் கேட்க இது உதவினால் போதும்.

ஒரு வேளை சொட்டு போட மறந்துவிட்டால்?

நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அப்போதைக்கு ஒரு வேளைச் சொட்டு மட்டும் போதும். ஈடுகட்ட இரண்டு சொட்டு விடுவது வீண், ஒரு சொட்டு முழுவதையும் தாங்கவே கண்ணில் இடம் போதாது. சோதனைக்கு வரும் நாளில் மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள். அன்றைய எண் அழகாக இருக்கும். நரம்பின் நிலை வேறு கதை சொல்லும். மறந்திருந்தால் மறந்தேன் என்றே சொல்லிவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லாமல் விட்டால் மருந்து பலிக்கவில்லை என்று எண்ணித் தேவையில்லாத இன்னொரு மருந்து எழுதப்படும்.

காபி, உடற்பயிற்சி, பழக்கவழக்கங்கள் எந்த அளவுக்குப் பொருட்டு?

ஒரு கோப்பை காபி 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை, ஒன்றரை மணி நேர அளவுக்கு ஏற்றக்கூடும். பெரும்பாலானவர்களுக்கு இதனால் காபியை விட வேண்டியதில்லை. தண்ணீரை ஒரே மூச்சில் நிறையக் குடிக்காமல் பிரித்துக் குடிக்கலாம். நடை, மிதிவண்டி போன்ற பயிற்சிகள் அழுத்தத்தைத் தற்காலிகமாகக் குறைக்கின்றன. மூச்சைப் பிடித்துக்கொண்டு கனமான எடையைத் தூக்குவது ஏற்றும். சிரசாசனம் போல் தலைகீழாக நிற்கும் நிலைகளில் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று அளந்தே கண்டிருக்கிறார்கள். கிளாக்கோமா உள்ளவர்கள் அவற்றை அறவே தவிர்க்க வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. கண்ணைக் கசக்குவதும் கெடுதல். ஸ்டீராய்டு கலந்த சொட்டு, களிம்பு, உறிஞ்சு மருந்து எதுவானாலும் சிலருக்கு அழுத்தத்தை வாரக்கணக்கில் ஏற்றிவைக்கும் என்பதால், எந்த நோய்க்காக எடுத்தாலும் கண் மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.

அழுத்தம் ஏறும்போது எனக்கே தெரியுமா?

பெரும்பாலும் தெரியாது. தலைவலி வந்தால் அழுத்தம் ஏறியிருக்கிறது என்றோ, வலி இல்லாததால் எல்லாம் நலம் என்றோ முடிவு செய்ய முடியாது. கருவிழி ஓரத்தில் வடிகால் உள்ள மூலை திறந்தே இருக்கும் திறந்த கோண வகையில் 15-லிருந்து 28-க்குப் போனாலும் கண் எதையும் உணர்த்தாமல் இருக்கலாம்.

அந்த மூலை நெருக்கமாக இருக்கும் குறுகிய கோண வகை இதற்கு விலக்கு. மங்கிய வெளிச்சத்தில் கண்மணி விரியும்போது வடிகால் முழுவதும் மூடிக்கொண்டால் அழுத்தம் சில மணி நேரத்தில் 50-ஐயும் தாண்டும். கடும் கண்வலி, சிவப்பு, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், மங்கல், குமட்டல், வாந்தி ஆகியவை சேர்ந்து வந்தால் அடுத்த நாள்வரை காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

அடுத்த முறை சோதனைக்குப் போகும்போது என்ன குறித்துக்கொண்டு போக வேண்டும்?

ஒரு சிறிய குறிப்பேட்டில் ஒவ்வொரு வருகைக்கும் ஒரு வரி எழுதினால் போதும்: தேதி, அளந்த மணி, வலது கண், இடது கண், கடைசியாகச் சொட்டு போட்ட மணி, அன்று விட்டுப்போன வேளை ஏதும் உண்டா என்பது. எண்ணை மட்டும் எழுதி நேரத்தை விட்டுவிட்டால் அந்த வரிக்குப் பாதிப் பயன்தான். எடுத்துக்காட்டாக, காலை 9 மணிக்கு 19, மாலை 4 மணிக்கு 14 என்று ஓராண்டில் நான்கைந்து முறை மாறி மாறி வந்திருந்தால், மருந்து சில மாதம் பலித்தது, சில மாதம் பலிக்கவில்லை என்ற தவறான முடிவுக்கு வராமல், காலையில் ஏறும் கண் இது என்று மருத்துவர் ஒரே பார்வையில் புரிந்துகொள்வார். பிறகு அவர் உங்களைக் காலை 8 மணிக்கு வரச் சொன்னால், தூக்கம் கெட்டாலும் அந்த நேரத்துக்கே போய்விடுங்கள்.